வலி நீங்கினால் நோய் நீங்கிற்றா?



சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், மாலைத் திருப்பலி முடிந்து கோயில் கதவைச் சாத்தும் வேளையில், நம் பங்கைச் சேர்ந்த சகோதரி ஒருவர் நனைந்த சேலையோடு வந்து நின்றார். "சாமி, அவருக்கு ஐந்து நாளாக வலது கண்ணுக்குப் பின்னால் வலி. இன்று காலையிலிருந்து கண்ணே திறக்கவில்லை. ஒரு நடை வந்து பார்த்தால் தேவலை" என்றார். குடையை எடுத்துக்கொண்டு உடன் சென்றோம்.

மூக்கண்டப்பள்ளியை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஓசூரை ஒட்டி, பெங்களூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில், சிப்காட் தொழிற்பேட்டையின் அருகில் உள்ள இடம் இது. 1970-களில் தொழிற்பேட்டை தோன்றிய நாள்முதல் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வேலை தேடி இங்கு வந்த வண்ணம் இருக்கின்றனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும். வரிசை வீடுகளில் ஒருவர் இரவு ஷிப்டு முடிந்து உறங்கும்போது அடுத்த வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்குப் புறப்படுவார். நோய்வாய்ப்படுவதற்கு இங்கு யாருக்கும் நேரம் இல்லை.

நாம் சென்று பார்த்தபோது அந்த மனிதர் விளக்கை அணைத்துவிட்டுத் தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். வயது நாற்பதைக் கடந்திருக்கும். ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளராக லேத் ஓட்டுபவர். வலப்பக்க இமை முழுவதும் சரிந்திருந்தது. விரலால் இமையைத் தூக்கிப் பிடித்து எம்மைப் பார்த்தவர், அந்த வேதனையிலும் சிரிக்க முயன்று, "இரண்டு சாமியாகத் தெரிகிறீர்கள்" என்றார். இடக்கண் இங்கும் அங்கும் அசைந்தது. வலக்கண்ணோ சுவரில் எழுதிய சித்திரத்தின் கண்ணைப்போல் நின்ற இடத்திலேயே நின்றது.

முதல் இரண்டு நாள் தலைவலி மாத்திரை. பிறகு நெற்றியில் சுக்குப் பற்று. மூன்றாம் நாள் மருந்துக் கடையில் "கண் வலிக்குக் கேட்டால்" கொடுத்தார்கள் என்று ஒரு சிறு வெள்ளை மாத்திரை. அதை விழுங்கியதும் வலி பாதியாகக் குறைந்தது என்றார். "இன்னும் இரண்டு நாள் அதையே போட்டால் சரியாகிவிடும் சாமி. திங்கட்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் என் இடத்தில் வேறு ஆளை வைத்துவிடுவார்கள்" என்பதே அவருடைய கவலை.

வலி பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் அதே இரண்டு நாளில் இமை சரிந்ததும் கண் நின்றுபோனதும் உண்மை. வலி குறைந்துகொண்டே நோய் வளர இயலுமா? இயலும் என்பதையே இந்தத் திங்கள் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். நாம் மருத்துவம் பயின்றவர் அல்லோம். அந்தச் சகோதரரோடு மருத்துவமனை வாயிலில் காத்திருந்த நாட்களில் கேட்டும், பின்னர் படித்தும் அறிந்துகொண்டவற்றையே எழுதுகிறோம்.

கண்ணை அசைப்பவை எவை?

ஒவ்வொரு கண்ணையும் 6 சிறு தசைகள் அசைக்கின்றன. மேல் இமையைத் தூக்க வேறொரு தசை இருக்கிறது. இத்தசைகளுக்கு ஆணையிடுபவை மூளையிலிருந்து நேரே புறப்படும் 12 இணை நரம்புகளுள் மூன்று: மூன்றாவது, நான்காவது, ஆறாவது. கண்ணை வெளிப்புறம் திருப்புவது ஆறாவது நரம்பின் பணி. கண்ணைச் சாய்த்துக் கீழ்நோக்கச் செய்யும் ஒரு தசைக்கு நான்காவது நரம்பு. ஏனைய தசைகளையும் இமையையும் கண்மணி சுருங்குவதையும் மூன்றாவது நரம்பு கவனித்துக்கொள்கிறது. நெற்றியிலும் கண்ணைச் சுற்றிலும் தோன்றும் வலியை மூளைக்கு எடுத்துச் செல்வது ஐந்தாவது நரம்பு. பார்வையைக் கொண்டு செல்வது இரண்டாவது நரம்பு.

பார்வை நரம்பைத் தவிர மற்றவை மூளையின் வெவ்வேறு இடங்களில் புறப்பட்டாலும், கண்ணை அடையுமுன் ஒரு குறுகிய வழியில் நெருங்கிச் சேர்கின்றன. கண்குழிக்குப் பின்னால், மூளையின் அடியில், இருபுறமும் சிரை இரத்தம் நிறைந்த ஒரு சிறு அறை உண்டு. 'காவர்னஸ் சைனஸ்' என்று அதற்குப் பெயர். மூளைக்குச் செல்லும் பெரிய தமனி அதன் நடுவே வளைந்து செல்கிறது. ஆறாவது நரம்பு அத்தமனியை ஒட்டியும், மூன்றாவதும் நான்காவதும் ஐந்தாவதன் கிளைகளும் அறையின் சுவரை ஒட்டியும் செல்கின்றன. அங்கிருந்து எலும்பில் உள்ள ஒரு பிளவின் வழியே கண்குழிக்குள் நுழைகின்றன.

நம் பகுதி மக்களுக்கு இதை விளக்குவது எளிது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வருமுன், ஜூஜூவாடி எல்லையில் வரிச் சாவடி இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். சேலத்து லாரியும் மதுரை லாரியும் கோவை லாரியும் வெவ்வேறு ஊர்களில் புறப்பட்டாலும் அந்த ஒரு வாயிலில் வந்து சேர்ந்தே ஆகவேண்டும். வாயிலில் ஓர் இடைஞ்சல் என்றால் எல்லாச் சரக்கும் ஒருசேர நின்றுபோகும். அதுபோலவே, கண்ணுக்குப் பின்னால் வலியும், இமை சரிதலும், கண் அசையாமையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் வந்தால், நரம்புகள் எல்லாம் ஒன்றுகூடும் வாயிலில் இடைஞ்சல் இருக்கலாம் என்று மருத்துவர் ஊகிக்கிறார்.

அந்த ஊகம் இடத்தைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. லாரிகள் நின்றது விபத்தாலா, மரம் விழுந்ததாலா, மறியலாலா என்பதை நேரில் சென்றுதான் பார்க்கவேண்டும்.

ஒரே அறிகுறி, பல காரணங்கள்

இவ்வாறு வலியோடு கண் நின்றுபோவதற்கான காரணங்களை மருத்துவர் நமக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்கக் கேட்க அச்சம் கூடிற்று.

முதலாவது, நம் வீடுகளில் மிகுந்துவரும் நீரிழிவு. நரம்புக்கு இரத்தம் கொடுக்கும் நுண்ணிய குழாய்கள் அடைபட்டு மூன்றாவது அல்லது ஆறாவது நரம்பு திடீரெனச் செயலிழக்கும். வலியும் இருக்கலாம். பெரும்பாலும் சுமார் 3 மாதங்களில் தானே சீராகும்.

இரண்டாவது, மூளைத் தமனியில் பலவீனமான ஓரிடம் பலூன்போல் புடைத்து மூன்றாவது நரம்பை அழுத்துவது. இது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இவ்விரண்டையும் பிரித்தறிய மருத்துவர்கள் முதலில் கண்மணியைப் பார்க்கின்றனர். கண்மணியைச் சுருக்கும் இழைகள் மூன்றாவது நரம்பின் மேற்புறத்தில் செல்கின்றன. வெளியிலிருந்து ஒன்று அழுத்தினால் அவையே முதலில் கெடும், கண்மணி விரிந்து நிற்கும். நீரிழிவிலோ நரம்பின் உட்பகுதி கெடுவதால் கண்மணி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆகவே இமை சரிந்து, கண்மணியும் விரிந்து, தலைவலியும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது. கண்மணி இயல்பாக இருப்பதால் மட்டும் ஆபத்து இல்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது என்றார் மருத்துவர்.

மூன்றாவது, கிருமிகள். மூக்கின் மேலும் மேலுதட்டின் மேலும் வரும் கட்டியைக் கிள்ளிப் பிதுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அங்கிருந்து சிரைகளின் வழியே சீழ்நோய் காவர்னஸ் சைனஸை அடைந்து இரத்தத்தை உறையச் செய்யக்கூடும். கண் வீங்கிப் பிதுங்கும், காய்ச்சல் அடிக்கும். காசநோயும் அவ்விடத்தைத் தாக்கும். நெற்றியில் கொப்புளங்களோடு வரும் அக்கியும் கண் நரம்புகளைத் தாக்குவதுண்டு. பூஞ்சை நோயைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

நான்காவது, கட்டிகள். மூக்கின் பின்புறத்தில் தோன்றும் புற்று, நிணநீர்ப் புற்று, வேறிடத்திலிருந்து பரவிய புற்று, பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டியினுள் திடீரென ஏற்படும் இரத்தக்கசிவு ஆகியன.

இவை ஒன்றும் இல்லை என்றான பின்னர் எஞ்சுவது, காரணம் இன்னதென்று அறியப்படாத ஓர் அழற்சி. அந்தச் சிறு அறையின் சுவரில் வீங்கிய திசு வளர்ந்து நரம்புகளை நெருக்குகிறது. 'டொலோசா-ஹன்ட் நோய்க்குறி' என்பது அதன் பெயர். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கு வரலாம் என்று மதிப்பிடப்படும் அளவுக்கு அரியது. ஸ்டீராய்டு எனப்படும் மருந்துக்கு இது வியக்கத்தக்க விரைவில் பணியும். நெருப்பாக எரிந்த வலி பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் தணிந்துவிடும்.

மருத்துவரோடு நமக்கு வந்த கோபம்

மறுநாள் விடியலில் அந்தச் சகோதரரைப் பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சோதித்த மருத்துவர் மூன்றாவது, ஆறாவது நரம்புகள் இரண்டும் செயலிழந்துள்ளன என்றார். பின்னர் அவர் கேட்ட முதற்கேள்வி, "கடையில் வாங்கிய மாத்திரையின் அட்டை இருக்கிறதா?" என்பதே. சகோதரி தம் பணப்பையிலிருந்து கசங்கிய வெற்று அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதைத் திருப்பிப் படித்த மருத்துவரின் முகம் வாடியது. அது ஸ்டீராய்டு மாத்திரை.

அன்றும் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சோதனைகள். இரத்தத்தில் சர்க்கரை, மார்பு எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படம், தமனிகளுக்குத் தனிப் படம், முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீர். வலிக்கு வேறு மருந்து கொடுத்தார்களே தவிர ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. இரவுகளில் அம்மனிதர் படும் வேதனையைக் கண்ட மனைவி நம்மிடம் அழுதார். "கடைக்காரர் கொடுத்த மாத்திரையிலேயே வலி குறைந்ததே சாமி. இவ்வளவு பெரிய டாக்டருக்கு அது தெரியவில்லையா?"

வாசகர்களிடம் மறைப்பானேன்? நமக்கும் அதே எண்ணந்தான். மூன்றாம் நாள் மருத்துவரின் அறைக்குச் சென்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம். "வலியை நீக்கும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதனைத் துடிக்க விடுவது முறையா?"

அவர் சினங்கொள்ளவில்லை. எம்மை அமரச்சொல்லி, எல்லைப்புறத் தமிழில் நிதானமாகச் சொன்னார். "பாதர், இந்த மருந்து டொலோசா-ஹன்ட் வலியை நீக்கும். நிணநீர்ப் புற்றின் வீக்கத்தையும் சில வாரங்களுக்கு வற்றச் செய்யும். காசநோயின் வீக்கத்தையும் குறைக்கும். எல்லாவற்றிலும் நோயாளி 'சரியாகிவிட்டது' என்றுதான் சொல்வார். பின்னர் நாங்கள் திசுவை எடுத்துச் சோதித்தாலும் நோயின் அடையாளம் அழிந்துபோயிருக்கும். உள்ளே இருப்பது பூஞ்சையானால், இதே மருந்து அதற்கு உணவு. அவர் ஏற்கெனவே இரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறார். அதனால்தான் இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டியிருக்கிறது. எனக்கு இன்னும் ஒரு நாள் கொடுங்கள்."

நமக்கு மறுமொழி இல்லை. 'பாவம்' என்று இரங்குவது எளிது. இரக்கத்தோடு காத்திருப்பது கடினம். அந்த மருத்துவர் அதைச் செய்துகொண்டிருந்தார். நாம் அவசரப்பட்டோம்.

மருத்துவ உலகம் கற்ற பாடம்

பின்னர் இது குறித்துப் படித்தபோது, நாம் அன்று செய்த தவற்றை மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் ஓரளவு செய்து, பிறகு திருத்திக்கொண்டது தெரியவந்தது.

1954-இல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் எட்வர்டோ டொலோசா என்னும் நரம்பு அறுவை மருத்துவரிடம் கண்ணுக்குப் பின்னால் வலியும் கண் அசையாமையும் கொண்ட நோயாளி ஒருவர் வந்தார். தமனி புடைத்திருக்கலாம் என்று எண்ணி மண்டையைத் திறந்தனர். புடைப்பு இல்லை. சில நாட்களில் நோயாளி இறந்தார். இறந்தபின் சோதித்தபோதே தமனியைச் சுற்றி அழற்சித் திசு வளர்ந்திருந்தது தெரிந்தது. 1961-இல் அமெரிக்காவில் வில்லியம் ஹன்ட் என்பவரும் அவருடைய தோழர்களும் இத்தகைய 6 நோயாளிகளைப் பற்றி எழுதி, ஸ்டீராய்டு மருந்தினால் அவர்கள் விரைந்து நலமடைவதையும், நோய் சில வேளை தானே தணிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் திரும்புவதையும் எடுத்துரைத்தனர். 1966-இல் ஸ்மித், டாக்ஸ்டல் என்னும் இருவர் இதற்கு முன்னவர் இருவரின் பெயரையும் சூட்டினர்.

நம் தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு என்பது பெருமைக்குரியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தோற்றுவித்தவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கனடாவில் புகழ்பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பியவர். அவரும் டாக்டர் நைனான் மேத்யூவும் 1970-இலேயே 'வலியோடு கூடிய கண் அசைவிழப்பு' குறித்து ஆய்வுக்கட்டுரை ஒன்றை அயல்நாட்டு நரம்பியல் இதழில் வெளியிட்டனர். எம்.ஆர்.ஐ. என்னும் கருவியே மருத்துவமனைகளுக்கு வராத காலம் அது. நோயாளியின் சொல்லையும், கண்ணின் அசைவையும், அந்நாளைய எக்ஸ்ரே முறைகளையும் கொண்டே ஆராயவேண்டியிருந்தது. டாக்டர் மேத்யூ பின்னாளில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தலைவலி மருத்துவத்தில் உலகறிந்த நிபுணராகத் திகழ்ந்தார்.

உலகத் தலைவலி மருத்துவச் சங்கம் நோய்களை வகைப்படுத்தி விதிகள் வெளியிடுகிறது. 2004-ஆம் ஆண்டு விதிகளில், ஸ்டீராய்டு கொடுத்த 72 மணி நேரத்தில் வலியும் அசைவிழப்பும் தீர்வது டொலோசா-ஹன்ட் நோய்க்கு அடையாளம் என்று இருந்தது. 2018-இல் வெளியான மூன்றாம் பதிப்பில் அந்த விதி இல்லை. வலி தீர்ந்தது என்பதால் மட்டும் நோய் இன்னதென்று முடிவு செய்யலாகாது என்பது அனுபவத்தில் தெளிவாயிற்று. அழற்சியை எம்.ஆர்.ஐ. படத்திலோ திசுச் சோதனையிலோ கண்ணாரக் காணவேண்டும், வலி தோன்றிய இரண்டு வாரங்களுக்குள் அதே பக்கத்து நரம்புகள் செயலிழந்திருக்கவேண்டும், வேறு காரணம் பொருந்தக்கூடாது என்பவை இன்றைய விதிகள். மருந்தின் வெற்றியைச் சான்றாகக் கொண்டிருந்தவர்களே அதைக் கைவிட்டார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

2021-இன் எச்சரிக்கை

இது நூலறிவு மட்டுமன்று. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது நாடு கண்ட துயரை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். தொற்றிலிருந்து மீண்டவர்களுள் பலருக்கு, குறிப்பாகச் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் ஸ்டீராய்டு மிகுதியாகப் பெற்றவர்களுக்கும், கருப்புப் பூஞ்சை என்னும் மியூக்கோர்மைகோசிஸ் நோய் வந்தது. மூச்சுத் திணறும் நோயாளிக்கு ஸ்டீராய்டு உயிர்காக்கும் மருந்து என்பதில் ஐயமில்லை. அதே மருந்து சர்க்கரையை உயர்த்திற்று, உடலின் எதிர்ப்பைக் குறைத்தது. மூக்கின் வழி நுழைந்த பூஞ்சை கண்குழியையும் காவர்னஸ் சைனஸையும் எட்டிற்று. முகவலி, மூக்கிலிருந்து கருமையான நீர், அண்ணத்தில் கருமை, கண் வீக்கம், இமை சரிதல், கண் அசையாமை ஆகியவை அதன் அடையாளங்கள். 2021 மே மாதத்தில் தமிழக அரசு இதை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோயாக ஆணையிட்டது. ஆம்போடெரிசின் என்னும் மருந்தும் அறுவையுமே வழி. உயிர்காக்கக் கண்ணையே எடுக்கவேண்டி வந்தவர்கள் நாடெங்கும் பலர்.

அந்நாட்களில் நமக்குப் பழக்கமான முதிய தாய் ஒருவர், கண்வலிக்கு யாரோ சொல்லக் கேட்டு வீட்டில் மிஞ்சியிருந்த ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கி வலி குறைந்ததாக மகிழ்ந்திருந்தார். ஒரு வாரம் கழித்து மருத்துவமனையில் அவரைப் பார்க்கச் சென்றபோது ஒரு கண் இருந்த இடத்தில் கட்டுப் போட்டிருந்தது. "வலி குறைஞ்சதுன்னு தானே சாமி இருந்துட்டேன்" என்று அவர் சொன்ன சொல் இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது. பெங்களூர் மருத்துவரின் அறையில் நாம் கோபப்பட்டபோது அத்தாயின் நினைவு நமக்கு ஏன் வரவில்லை என்று பிற்பாடு வருந்தினோம்.

காத்திருந்ததன் பயன்

நான்காம் நாள் எல்லா முடிவுகளும் வந்தன. தமனியில் புடைப்பு இல்லை. காசநோய் இல்லை. பூஞ்சைக்கும் புற்றுக்கும் அடையாளம் இல்லை. வலப்பக்கக் காவர்னஸ் சைனஸின் சுவர் மட்டும் தடித்திருந்தது. டொலோசா-ஹன்டாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்று கூறி, கடை மாத்திரை அன்று, உரிய அளவில், கண்காணிப்போடு ஸ்டீராய்டு தொடங்கினார் மருத்துவர். இரண்டாம் நாள் காலையில் வலி இல்லை. அந்தச் சகோதரி மருத்துவரின் கையைப் பற்றிக்கொண்டு அழுதார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வலி இரண்டு நாளில் போயிற்று. இமை உயர மூன்று வாரங்கள் ஆயின. இரட்டைப் பார்வை முற்றும் மறைய இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. மருந்தைத் திடீரென நிறுத்தாமல் வாரம் வாரமாகக் குறைத்தனர். நடுவில் சர்க்கரை ஏறியது, அதற்கும் வைத்தியம் நடந்தது. மூன்றாம் வாரத்திலேயே, "வலிதான் இல்லையே சாமி, லேத்தில் நின்றுவிடுகிறேன்" என்று அவர் கிளம்பியபோது தடுத்து நிறுத்தியவர் அவருடைய மனைவி. இரண்டாகத் தெரியும் கண்ணோடு சுழலும் இயந்திரத்தின் முன் நிற்பவன் எந்த விரலைக் காப்பான்?

சில மாதங்கள் கழித்து எடுத்த இரண்டாம் படத்தில் தடிப்பு மறைந்திருந்தது. அப்போதுதான் மருத்துவர், "இப்போது ஓரளவு நம்பிக்கையோடு பெயர் சொல்கிறேன்" என்றார். நோய் திரும்பக்கூடும் என்பதால் இன்றும் அவர் தவணை தவறாமல் சென்று வருகிறார்.

அவருடைய வேலை? அச்சம் வீணாயிற்று என்று சொல்ல மாட்டோம். பழைய இடம் கிடைக்கவில்லை. வேறோர் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்திருக்கிறார். ஆயினும் அவரிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருந்தது. அதன் பயனை அவர் அறிந்திருக்கவில்லை. சந்தா முறைப்படி செலுத்தப்பட்ட தொழிலாளருக்கு, மருத்துவர் சான்றளித்த நோய்க்கால விடுப்பில், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு அளவுக்கு உதவித்தொகை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் இது உரியது. வலியை அடக்கிக்கொண்டு இயந்திரத்தின் முன் நிற்பதற்குப் பசியே காரணமானால், இச்செய்தியும் மருந்தின் ஒரு பகுதியே.

நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள்

வீட்டில் யாருக்கேனும் பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால், ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைந்தால், இரு கண்களும் ஒன்றாக அசையவில்லை என்று பொருள். நரம்பையோ தசையையோ சோதிக்கவேண்டும். ஒரு கண்ணை மூடியபின்னும் மற்றக் கண்ணில் இரட்டை நீடித்தால், அது பெரும்பாலும் அக்கண்ணின் கோளாறு. கண்மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலியோடு இமை சரிந்தால், 'ஒற்றைத் தலைவலி' என்று பெயரிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கண்மணி ஒன்று பெரிதாகத் தெரிந்தாலோ, வாழ்நாளில் கண்டிராத கடுந்தலைவலி, வாந்தி, காய்ச்சல், கண் பிதுக்கம், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலோ 108-ஐ அழையுங்கள். நம் பகுதியினருக்கு நரம்பு நோய்க்கான பெரிய நிலையம் தொலைவில் இல்லை. 1974-இல் உருவான நிம்ஹான்ஸ் பெங்களூரில் ஓசூர்ச் சாலையிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதல் உண்டு.

நம் சிற்றூர்களில் தரையில் படுத்துறங்குவோர்க்குத் தனியாக ஒன்று. காலையில் எழும்போது வலியின்றி இரு இமைகளும் சரிந்து, விழுங்கவும் பேசவும் தடுமாற்றம் இருந்தால், இரவில் கட்டுவிரியன் தீண்டியிருக்கலாம். அதன் கடி வலிப்பதுமில்லை, பல வேளை தடம் தெரிவதுமில்லை. மந்திரிக்க ஆள் தேடாமல் அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

எந்த மருந்தை உட்கொண்டிருந்தாலும் அதன் அட்டையை எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெயர் தெரியாத மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். நலமடையும் நாட்களில் இருசக்கர வண்டியையும் இயந்திரத்தையும் தொடாதீர்கள். மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். அது நஞ்சன்று. ஆளறிந்து, நோயறிந்து கொடுத்தால் அமுதம்.

வலி நம் வாசலில் கூவும் காவற்காரன். அவன் கூவுவது நமக்குத் தொல்லைதான். அவன் வாயை அடைத்துவிட்டு உறங்கப் போகுமுன், வந்திருப்பவன் யாரென்று விளக்கை ஏற்றிப் பார்த்துவிடுவோம். அன்று விளக்கை ஏற்றிப் பார்க்க நான்கு நாள் கேட்ட அந்த மருத்துவரிடம் நாம் பின்னொரு நாள் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்து, "நோயாளிக்காகக் கோபப்பட ஒருவர் வந்தாரே என்று மகிழ்ந்தேன், பாதர்" என்றார்.

மீண்டும் அடுத்த திங்கள் சந்திப்போம்.